எல்லைப்புற வகுப்பறையில் உவமை

2006-இல் இயற்றப்பட்ட தமிழ் கற்றல் சட்டம், முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கு ஒரு வகுப்பாக விரிந்து, பத்தாம் வகுப்பு வரை தமிழைக் கட்டாயப் பாடமாக்கியது. ஒசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி போன்ற எல்லைப் பகுதிகளில் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், மொழிச் சிறுபான்மைப் பள்ளி மாணவர்களுக்கு அவ்வாண்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்விலிருந்து விலக்கு அளித்தது. கட்டாயமா, விலக்கா என்று நடக்கும் விவாதத்தில், இப்பிள்ளைகளுக்கு ஒரு கதையையோ உவமையையோ எப்படிப் புரியவைப்பது என்ற கேள்வி போதிய கவனம் பெறவில்லை.

'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்னும் பழமொழியை எடுத்துக்கொள்வோம். வேற்றுமொழி பேசும் மாணவர் இதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் அறிந்திருக்கலாம். ஆயினும் கருத்து பிடிபடாமல் போகலாம். அகராதி இங்கே உதவாது. அவருடைய வீட்டுமொழி உதவும். தெலுங்கில் இதையே, கை சுட்ட பிறகு இலையைப் பற்றினாற்போல் என்பார்கள். கன்னடத்தில், ஊர் கொள்ளை போன பிறகு கோட்டைக் கதவைச் சாத்தினார்கள் என்பார்கள். மூன்று மொழிகளிலும் காட்சி வெவ்வேறு, கருத்து ஒன்றே. 'இதை உங்கள் பாட்டி எப்படிச் சொல்வார்?' என்று ஆசிரியர் கேட்டால் போதும். மாணவர் தாமே பொருளைக் கண்டடைவார்.

தொல்காப்பியம் உவமைக்கு வினை, பயன், மெய், உரு என நான்கு அடிப்படைகளை வகுத்தது. மேற்கண்ட மூன்று பழமொழிகளையும் இணைப்பது வினை: காலம் கடந்த செயல். இவ்வாறு ஒப்புமையின் காரணத்தை உணர்ந்த மாணவருக்கு அணியின் பெயர் எளிதில் நினைவில் நிற்கும். பெயரை மட்டும் மனப்பாடம் செய்தவர், தேர்வில் புதிய வரி ஒன்று வந்தால் திகைத்து நிற்பார்.

கதைக்கும் இது பொருந்தும். அகப்பாடலுக்குத் தொல்காப்பியம் கூறும் முதல், கரு, உரி என்னும் பகுப்பு, கதையின் களம், சூழல், உணர்வு ஆகியவற்றை விளக்கவும் கைகொடுக்கும். இம்மாவட்டத்தின் கருப்பொருள்கள் கேழ்வரகுக் கொல்லையும் மாந்தோப்பும் மட்டுமல்ல. ரோஜா வளரும் பசுமைக்குடிலும் சிப்காட் ஆலைகளின் இரவுப் பணியும்கூடத்தான். ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜியின் 'திக்கற்ற பார்வதி', குடியும் கடனும் ஓர் ஏழைக் குடும்பத்தைச் சிதைக்கும் கதை. பாத்திரம், முரண், விளைவு ஆகியவற்றைக் கற்பிக்க அது ஏற்ற பாடம்.

பிறமொழிகளை வகுப்பில் அனுமதித்தால் தமிழ் நலியும் என்ற அச்சம் தேவையற்றது. தெலுங்கில் கேட்டதைத் தமிழில் விளக்க முயலும் மாணவர், தமிழில் ஒரு வாக்கியத்தைத் தாமே ஆக்குகிறார். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் ஆலைப் பணிக்கு வந்தோரின் பிள்ளைகளுக்கும் இவ்வழியே ஏற்றது.

வட்டாரப் பழமொழிகளையும் கதைகளையும் மும்மொழிகளிலும் திரட்டிச் சிறு துணைநூலாக்கும் பணியை மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனம் மேற்கொள்ளலாம். வினாத்தாளும் 'இது என்ன அணி?' என்பதோடு நில்லாமல், 'எது எதனோடு, ஏன் ஒப்பிடப்படுகிறது?' என்று கேட்க வேண்டும். நீதிமன்றம் எவ்வாறு தீர்ப்பளித்தாலும், பள்ளிக் கல்வித் துறை இவ்விரண்டையும் வரும் கல்வியாண்டிலேயே தொடங்க இயலும்.