கட்டத்துக்கு யார் பொறுப்பாளி?

நமது நாட்டில் ஒரு காரியம் கெட்டுப்போனால், அது ஏன் கெட்டது என்று கேட்பதற்கு முன்பே பரிகாரம் தேடப் புறப்பட்டு விடுவது வழக்கமாயிருந்து வருகின்றது. மாட்டுக்கு நோய் வந்தால் மந்திரிப்பதும், மழை பெய்யாவிட்டால் கழுதைக்குக் கல்யாணம் செய்வதும் போலவே, கம்ப்யூட்டர் திரையில் தமிழ் எழுத்துக்கள் கட்டங்கட்டமாகத் தோன்றினால் அதை அணைத்து அணைத்து ஏற்றுவதும், அதிலும் தெளியாவிட்டால் உள்ளிருப்பதையெல்லாம் அழித்துவிட்டுப் புதிதாகப் போடுவதும், கடைசியில் "தமிழே வேண்டாம், இங்கிலீஷில் அடித்துவிடு" என்பதும் இன்றைய பரிகாரங்களாகிவிட்டன.

சமீபத்தில் நாம் கல்வராயன் மலைக்குப் போயிருந்தபோது இதை நேரிலேயே பார்த்தோம். ஒரு மலைவாழ் தாயார் தம் மகளின் படிப்புக்காக ஜாதிச் சான்று மனுப்போட ஓரிடத்துக்கு வந்திருந்தார். ஜாதி ஒழியவேண்டுமென்கிற நாம் ஜாதிச் சான்றுக்கு வக்காலத்து வாங்கலாமா என்று சில புத்திசாலிகள் கேட்கலாம். ஜாதியின் பெயரால் கீழே தள்ளப்பட்டவர்கள் ஏறிவர வைத்த ஏணியை, ஜாதி ஒழியும் முன்பே பிடுங்கிக்கொள்ளச் சொல்லுகிறவர்களின் யோக்கியதை நமக்குத் தெரியும். அந்த மலை 1976 வரையில் ஜாகீர்தார்களின் பிடியிலிருந்த பூமி. கள்ளக்குறிச்சி தனி ஜில்லாவானதே 2019 நவம்பர் 26இல்தான். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு நாள் கூலியை இழந்து வந்த அம்மாளிடம், "மிஷினுக்குத் தமிழ் வரவில்லை, அடுத்த வாரம் வா" என்றார்கள். மிஷினின் தலையில் சந்தனமும் குங்குமமும் குறைவில்லாமலிருந்தன. தமிழ் எழுத்துரு மாத்திரம் இல்லை!

அது லினக்ஸ் கம்ப்யூட்டர். நாம் உற்றுப் பார்த்தபோது ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் சிறு இலக்கங்கள் இருந்தன. ஒன்றில் 0பி95 என்றிருந்தது. யூனிகோடு அட்டவணையில் அது "க" என்னும் எழுத்தின் எண். ஆகவே மிஷின் தமிழை மறக்கவுமில்லை, தொலைக்கவுமில்லை. "எழுத்து இன்னதென்று எனக்குத் தெரியும், அதை வரைய அச்சு யாரும் கொடுக்கவில்லை" என்று அது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அச்சாபீசில் கேஸில் "க" இல்லாவிட்டால் கம்பாசிட்டர் என்ன செய்வார்? அச்சு வாங்கிப் போடுவாரா, அச்சு யந்திரத்துக்குக் கற்பூரம் காட்டுவாரா?

இந்த அச்சுக்கள் எங்கே இருக்கின்றன என்பதில்தான் பலரும் குழம்புகிறார்கள். 1984இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. கலாசாலையில் பிறந்த எக்ஸ் என்னும் ஜன்னல் முறையில், ஆதியில் எழுத்துருக்களைத் திரையை ஆளும் சர்வரே தன் வசம் வைத்துக்கொண்டிருந்தது. பிறகு கீத் பேக்கார்ட் முதலியவர்கள் ஃபான்ட்கான்ஃபிக் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். இக்காலத்துப் புரோகிராம்களில் பெரும்பாலானவை இதனிடமே எழுத்துருவைக் கேட்கின்றன. சில பழைய புரோகிராம்கள் மாத்திரம் பழைய வழியையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டில் இரண்டு நெற்குதிர் இருக்க, ஒன்றில் கொட்டிவிட்டு மற்றொன்றில் தேடினால் நெல் எப்படி அகப்படும்?

எஃப்சி-லிஸ்ட் என்னும் கட்டளையால், தமிழை வரையக்கூடிய எழுத்துருக்கள் எவை என்று கேட்டோம். ஒன்றுகூட இல்லையென்று பதில் வந்தது. கையிலிருந்த நோட்டோ சான்ஸ் தமிழை எழுத்துரு அடைவில் போட்டு, எஃப்சி-கேஷ் என்ற கட்டளையால் அட்டவணையைப் புதுப்பித்து, புரோகிராமை மூடித் திறந்தோம். கட்டங்கள் போய் எழுத்துக்கள் வந்துவிட்டன. இந்த எழுத்துரு இனாம். லோகித் தமிழும் அப்படியே. ஒருவேளை எழுத்துரு இருந்தும் தப்பானது முன்னால் வந்து நின்றால், எந்தப் பெயருக்கு எது கிடைக்கிறதென்று எஃப்சி-மேட்ச் சொல்லிவிடும். விருப்பமானதை முதலில் வைக்கும்படி அமைப்புக் கோப்பில் எழுதிவிடலாம்.

இத்தோடு தீர்ந்ததா என்றால் இல்லை. ஊர்ப் பெயரைத் தேடினோம். அவர்கள் வைத்திருந்த பழைய ஜாபிதாவில் வெள்ளிமலை கிடைக்கவில்லை! கடைசியில் "ெவள்ளிமைல" என்ற ரூபத்தில் அகப்பட்டது. பழைய குறியீட்டு முறைகளில் கொம்பு கண்ணுக்கு முன்னால் தெரிவதால் முன்னாலேயே அடிப்பது வழக்கம். யூனிகோடிலோ "வ" முதலில், கொம்பு பிறகு. இடம் மாற்றிக் காட்டுவது மிஷினின் வேலை. இதைக் கவனியாமல் யாரோ எழுத்துக்கு எழுத்து மாற்றிக் கொட்டியிருக்கிறார்கள். இதற்கு ஆயிரம் எழுத்துரு போட்டாலும் குணமாகாது. ஏனெனில் குற்றம் அச்சில் இல்லை, மூலப் பிரதியில் இருக்கிறது. எழுத்துருக் குற்றம் எது, எழுதிவைத்த குற்றம் எது என்று பிரித்தறியாமல் இரண்டுக்கும் ஒரே விபூதி பூசுவதால்தான் ஒன்றும் தெளிகிறதில்லை.

தமிழ் எழுத்தில் சீர்திருத்தம் வேண்டுமென்று 1935இல் ஈ.வெ.ரா. அவர்கள் "குடி அரசி"ல் ணை, லை, ளை, னை முதலிய எழுத்துக்களின் பழைய வடிவங்களை விட்டபோது, தெய்வ பாஷைக்கு ஆபத்து என்றார்கள். சர்க்கார் அதில் ஒரு பகுதியை ஏற்க 1978 ஆயிற்று. 2010இல் சர்க்காரே யூனிகோடை ஒப்புக்கொண்டு உத்தரவும் போட்டுவிட்டது. அன்று ஈய அச்சைப் புதிதாய் வார்க்க வேண்டியிருந்தது. இன்று செலவில்லாத ஒரு கோப்பை அடைவில் வைக்க வேண்டியதுதான் பாக்கி. இதற்குமா சோம்பல்? மலைக்கு அனுப்பும் ஒவ்வொரு மிஷினிலும் ஒரு வரி தமிழ் அடித்துப் பார்த்துவிட்டு அனுப்ப எத்தனை நிமிஷம் பிடிக்கும்? பழைய ஜாபிதாக்களை மாற்றிய பின், தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவர் ஒருமுறை படித்துப் பார்த்தால் யார் குடி முழுகிவிடும்? இங்கிலீஷ் எழுத்து கட்டமாய் வந்திருந்தால் அதிகாரிகள் அடுத்த வாரம் வரையில் பொறுத்திருப்பார்களா என்றும் கேட்கின்றோம்.

அந்த அம்மாளின் மனு அன்று மாலையே ஏறிற்று. ஊர்ப் பெயரை மாத்திரம் ஜாபிதாவிலிருந்து எடுக்காமல் கையாலேயே அடிக்க வேண்டியதாயிற்று.