விடைக்கும் வண்ணம் வேண்டும்!



"கணினித் திரையில் வண்ணம் எதற்கு? பிள்ளைகளின் கவனந்தான் சிதறும். கறுப்பு வெள்ளையில் படித்துத்தானே நாம் ஆளானோம்?" நிரலாக்கப் பட்டறை ஒன்றில் ஒருவர் இவ்வாறு கேட்டார். அவையில் பலரும் தலையசைத்தனர். எனக்கோ இதில் சிறிதும் உடன்பாடில்லை.

கரும்பலகைக் காலத்தை எண்ணிப் பாருங்கள். எழுவாயை ஒரு நிறத்திலும் பயனிலையை வேறொரு நிறத்திலும் எழுதிக் காட்டாத தமிழாசிரியர் உண்டா? ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் நாங்கள் கற்ற எளிய உத்திகளுள் அதுவும் ஒன்று. அதனை எவரும் அலங்காரம் என்று இகழ்ந்ததில்லை. நிரல்மொழிக்கும் தொடரியல் உண்டு. அதன் உறுப்புகளை வண்ணத்தால் வேறுபடுத்துவதும் அந்தச் சுண்ணக்கட்டி வேலையே!

பைத்தான் மொழியின் ஊடாடும் முனையத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு வரியைத் தட்டச்சு செய்தால் அடுத்த வரியிலேயே விடை வரும். தொடக்கநிலை மாணவருக்கு இதைவிட நல்ல சிலேட்டுப் பலகை இல்லை. 2024 அக்டோபரில் வெளிவந்த 3.13 பதிப்பு, பிழைச் செய்திகளுக்கு வண்ணம் தந்தது. 2025 அக்டோபரில் வெளிவந்த 3.14 பதிப்பு, நாம் தட்டச்சு செய்யும் வரிகளுக்கும் வண்ணம் தந்தது. மகிழ்ச்சி! ஆனால், கேள்விக்கு வண்ணம் பூசியவர்கள் அப்பதிப்பில் விடையை வெறுமையாகவே விட்டுவிட்டனர்.

மாணவன் தடுமாறுவதோ விடையில்தான்! 12 + 3 என்றால் 15 வரும். '12' + '3' என்றால் '123' வரும். முன்னது எண், பின்னது எழுத்துச்சரம். வேறுபாட்டைக் காட்டுவது கடுகளவு மேற்கோள்குறி மட்டுமே. "கணினிக்குக் கூட்டத் தெரியவில்லை, ஐயா" என்றான் என் மாணவன் ஒருவன். அக்குறி அவன் கண்ணில் படவே இல்லை. நோட் ஜேஎஸ் முனையத்தில் விடையாக வரும் எண் மஞ்சளிலும் சரம் பச்சையிலும் தோன்றும். அங்கே இது எண்ணன்று என்பதை அவன் கண்ணே சொல்லியிருக்கும்.

மறுப்புகள் சிலவற்றையும் பார்ப்போம்.

ஒன்று, வண்ணக் குறியீடுகள் கோப்பில் கலந்துவிடும் என்பர். விடை திரைக்குச் செல்கிறதா, கோப்புக்குச் செல்கிறதா என்று நிரலால் அறிய முடியும். கோப்பு என்றால் வண்ணத்தை நிறுத்திவிடலாம்.

இரண்டு, நிறம் பிரித்தறிய இயலாத பிள்ளைகள் என்ன செய்வர் என்பர். நியாயமான கேள்வி. மேற்கோள்குறியை நீக்கச் சொல்லவில்லையே! குறியும் இருக்கட்டும், வண்ணமும் சேரட்டும்.

மூன்று, வண்ணமிட்டால் தமிழ் உடைகிறது என்பர். இது உண்மை, ஆனால் குற்றம் வண்ணத்தினுடையதன்று. 'தமிழ்' என்னும் சொல்லில் நமக்கு மூன்று எழுத்துகள். யூனிகோடு கணக்கிலோ ஐந்து குறிகள். பைத்தானின் வழக்கமான சொல் தேடும் விதி, இகரக் கொக்கியையும் புள்ளியையும் எழுத்தாகவே ஏற்பதில்லை. அவ்விதியை நம்பி வண்ணமிட்டால் மகரம் ஒரு நிறத்திலும் அதன் கொக்கி வேறு நிறத்திலும் பிரிந்து, நடுவே புள்ளி வட்டம் முளைக்கும். மெய்யையும் உயிரையும் பிரித்து வைத்த கோலம் அது!

இதற்கு மருந்து உண்டு. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' நிரல்மொழியைப் பலர் அறிவர். அவரும் நண்பர்களும் சேர்ந்து ஆக்கிய 'ஓப்பன் தமிழ்' நிரல்தொகுப்பு, சொல்லைக் குறிகுறியாக அன்றி எழுத்தெழுத்தாகப் பிரித்துத் தரும். திறந்த மூலநிரல், எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். பிறகு ஏன் தயக்கம்?

தமிழ் நிரலாளர்களே, கோத்தா கோலா மூடாவில் கணினிமுன் அமரும் பிள்ளைக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். நிறம் முழுதாகப் புரியும். நீங்கள் ஆக்கும் கருவிகளில் விடைக்கும் வண்ணம் கொடுங்கள். தமிழை எழுத்தெண்ணி வண்ணமிடுங்கள். ஆசிரிய நண்பர்களே, "இது விளையாட்டுப் பொருள்" என்று சொல்வோரிடம் உங்கள் பழைய வண்ணச் சுண்ணக்கட்டிப் பெட்டியை நினைவூட்டுங்கள்.

சிந்திப்போம்! செயல்படுவோம்!