விழித்திரை காட்டும் நோய்கள்

கத்தி படாமல் ரத்த நுண்குழாய்களையும் நரம்பையும் ஒருசேர நேரில் பார்க்க உடலில் உள்ள இடம் விழித்திரை. 1851-இல் ஹெர்மன் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தன் கண்நோக்கிக் கருவியை உலகுக்கு அறிவித்த பிறகு இது மருத்துவர்களுக்கு வாய்த்தது. சர்க்கரை நோயில் நுண்குழாய்கள் புடைத்துக் கசிவதும், உயர் ரத்த அழுத்தத்தில் தமனிகள் சுருங்குவதும் அங்கே தெரியும். பார்வை நரம்பின் முனை வீங்கியிருந்தால் மூளைக்கட்டிகூடக் காரணமாக இருக்கலாம்.

இவ்வளவு நடந்தும் ஆரம்பத்தில் பார்வை மங்குவதில்லை, ஆபத்தே அதுதான். கண்ணாடிக் கடையில் 'பவர்' பார்ப்பதை முழுப் பரிசோதனை என்று நம்மில் பலர் நினைத்துவிடுகிறோம். எழுத்துப் பலகையைப் படிக்க வைப்பதால் விழித்திரையின் நிலை தெரியாது.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. நல்ல பணி. அந்த நோயாளிகளுக்கு ஆண்டுதோறும் விழித்திரைப் படமும் எடுக்கப்பட வேண்டும். பயிற்சி பெற்ற ஊழியர் எடுக்கும் படத்தைத் தொலைவிலிருந்தே மருத்துவர் பார்த்துச் சொல்லிவிட முடியும். ஒவ்வோர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இந்த வசதியை அரசு கொண்டுசேர்க்க வேண்டும்.

சர்க்கரை உள்ளவர்கள் அதுவரை காத்திருக்க வேண்டாம். இந்த ஆண்டே கண் மருத்துவரிடம் சென்று விழித்திரையைக் காட்டிவிடுங்கள்.