கண்ணைத் தாழ்த்தினால் பொய்யா?

“என் கண்ணைப் பார்த்துச் சொல்லு.” வீட்டில், வகுப்பறையில், காவல் நிலையத்தில், வேலைக்கான நேர்முகத்தில் என்று எங்கும் இதைக் கேட்கிறோம். நேராகப் பார்த்துச் சொன்னால் உண்மை, பார்வை விலகினால் பொய். இதில் பெரும்பாலோருக்குச் சந்தேகமே வருவதில்லை. இந்த நம்பிக்கை தவறானது. ஏற்கெனவே பயந்து நிற்பவர்கள்மேல் பழியைப் போடுவதும் இதுதான். இதற்கு முட்டுக்கொடுக்கச் சொல்லப்படும் நியாயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

“உலகமே அப்படித்தானே சொல்கிறது?” என்பார்கள். சொல்கிறதுதான். பொய் சொல்பவரை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று 58 நாடுகளில் கேட்ட ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. ஏறத்தாழ 64 சதவீதம் பேர் ‘கண்ணைப் பார்க்க மாட்டார்’ என்றார்கள். ஆனால் ஊர் நம்புவது வேறு, நடப்பது வேறு. அமெரிக்க உளவியலாளர் பெல்லா டிபாலோவும் அவருடைய குழுவினரும், அதுவரை நடந்த சோதனைகளைத் திரட்டி, பொய்யின் அடையாளங்கள் எனக் கருதப்பட்ட 158 குறிகளை அலசி 2003இல் வெளியிட்டார்கள். கண்ணைப் பார்த்துப் பேசுவதற்கும் உண்மை பேசுவதற்கும் சொல்லத்தக்க தொடர்பு எதுவும் அதில் தென்படவில்லை. பொய் சொல்லத் துணிந்தவருக்கும் இந்த நம்பிக்கை தெரியுமே! அவர் கண்ணை எடுக்காமல் பார்த்தே பேசலாம்.

“சாதாரண ஆளுக்குத் தெரியாது, அனுபவசாலிக்குப் பார்த்ததும் தெரிந்துவிடும்” என்பது அடுத்த வாதம். உளவியலாளர் சார்லஸ் பாண்டும் டிபாலோவும் 2006இல் இருநூறுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, ஒருவர் சொல்வது மெய்யா பொய்யா என்று மனிதர்கள் சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம் மட்டுமே. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலே பாதி சரியாக இருக்கும். காவல்துறை போன்ற தொழில்களில் இருப்போரும் சராசரியில் மற்றவர்களைவிட மேலாக இல்லை. அமெரிக்க விமான நிலையங்களில் பயணிகளின் நடத்தையைப் பார்த்தே ஆபத்தான ஆட்களைப் பிரித்தெடுக்க 2007 முதல் சுமார் 90 கோடி டாலர் செலவிட்டார்கள். அது பலன் தருகிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை, நிதியைக் கட்டுப்படுத்துங்கள் என்று அந்நாட்டு அரசின் தணிக்கை அமைப்பே 2013இல் அறிக்கை கொடுத்தது.

பயிற்சி வகுப்புகளில் ஓயாமல் ஓதப்படும் ‘93 சதவீதம் உடல்மொழியும் குரலும், 7 சதவீதம்தான் சொல்’ என்ற கணக்கை நீண்ட நேரம் மறுக்க வேண்டியதில்லை. உளவியலாளர் ஆல்பர்ட் மெராபியன் 1967இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளிலிருந்து வந்தது அது. ஒற்றைச் சொற்களைச் சொல்லவைத்து, சொல்பவருக்குப் பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று மட்டும் ஊகிக்கச் சொன்ன சோதனைகள். எல்லாப் பேச்சுக்கும் இதைப் பொருத்தக் கூடாது என்று மெராபியனே எழுதியிருக்கிறார்.

கண்ணின் பேச்சு எல்லா மனிதருக்கும் ஒன்றுதான் என்பது இவற்றைவிட ஆழமாக வேரோடிய எண்ணம். பின்லாந்துக்காரர்களையும் ஜப்பானியர்களையும் ஒப்பிட்ட 2013ஆம் ஆண்டு ஆய்வில், நேராகப் பார்க்கும் முகம் ஜப்பானியருக்குக் கூடுதல் கோபமாகவும் நெருங்கத் தயங்க வைப்பதாகவும் தெரிந்தது. ஆஸ்திரேலியப் பழங்குடியினர் பலரிடம் பார்வையைத் தாழ்த்துவது மரியாதை, பதிலுக்கு முன் நிதானமாக மௌனம் காப்பது இயல்பு. நீதிமன்றத்தில் இவை இரண்டும் தப்பித்தலாகவும் குற்ற உணர்வாகவும் எடுத்துக்கொள்ளப்பட்டன. இதை வழக்கறிஞர்களுக்கு விளக்கவே மொழியியலாளர் டயானா ஈட்ஸ் எழுதிய கையேட்டை 1992இல் குயின்ஸ்லாந்து வழக்கறிஞர் சங்கம் வெளியிட்டது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். நம் பள்ளியில் ஆசிரியர் கேள்வி கேட்கும்போது பையன் நிமிர்ந்து பார்த்தால் “என்னடா முறைக்கிற?” என்று அதட்டல். தலையைக் குனிந்தால் “திருட்டு முழி முழிக்கிறான் பார்” என்ற பட்டம். அந்தப் பிள்ளை எங்கேதான் பார்ப்பான்? நிமிர்ந்து பார்த்ததற்காகவே ஒடுக்கப்பட்ட சாதியினர் அடி வாங்கிய நாடு இது. அதன் தழும்பு இன்னும் ஆறாத வீட்டிலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வரும் பெண், குளிரூட்டிய அறையில் கோட்டுப் போட்ட நான்கு பேர் முன்னால் உட்கார்ந்து மேசையைப் பார்த்துப் பதில் சொல்கிறாள். ‘தன்னம்பிக்கை இல்லை’ என்று குறிப்பு விழுகிறது. அவள் சொன்ன பதில் சரியா என்பது இரண்டாம்பட்சமாகிவிடுகிறது. இதை அநியாயம் என்றுதான் சொல்வேன்.

“சரி, ஒளிக்க ஒன்றும் இல்லாதவர் ஏன் பார்வையைத் திருப்ப வேண்டும்?” யோசிப்பதற்காகத் திருப்புகிறார். ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐந்து வயதுக் குழந்தைகளிடம், பதிலை யோசிக்கும்போது வேறுபக்கம் பார்க்கும்படி சொல்லிக் கொடுத்தார்கள். அப்படிச் செய்த குழந்தைகள் கூடுதலான கேள்விகளுக்குச் சரியாகப் பதில் சொன்னார்கள். எதிரில் இருப்பவரின் முகத்தைக் கவனிப்பதும் மூளைக்கு ஒரு வேலைதான். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்குக் கண்ணைப் பார்ப்பதே வேதனை. அவர்களை எந்தக் கணக்கில் பொய்யராக்குவது?

நம் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 18ஆம் கட்டளை, 12ஆம் விதியின்படி, விசாரணையின்போது சாட்சி நடந்துகொண்ட விதம் பற்றி நீதிமன்றம் குறிப்பு எழுதலாம். குற்ற வழக்குகளிலும் அதற்கு இடமுண்டு. எழுதட்டும். ஆனால் சாட்சி தலைகுனிந்தார் என்பது அவர் தலைகுனிந்தார் என்பதற்கு மட்டுமே ஆதாரம். பொய்யைப் பிடிக்க வேண்டுமென்றால் விவரம் கேளுங்கள், நாளையும் நேரத்தையும் கேளுங்கள், சொன்னதை ஆவணத்தோடும் பிறர் வாக்குமூலத்தோடும் ஒத்துப் பாருங்கள். நேர்முகத்தில் ஆள் எடுப்பவர்களிடம் என் வேண்டுகோள் இன்னும் சிறியது. உங்கள் மதிப்பெண் தாளில் ‘கண்ணைப் பார்த்துப் பேசினாரா?’ என்று ஒரு கட்டம் இருந்தால், அடுத்தவரை அழைப்பதற்கு முன் அதை அடித்துவிடுங்கள்.