தகட்டிலிருந்து ஒரு சேபர்

பேத்தி தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடத்துக்காகப் போன மாதம் ஒரு மாதிரிப் பெட்டி வாங்கி வந்தாள். எல்லாத் துண்டுகளும் வெட்டித் துளையிட்டுத் தயாராக இருந்தன. இருபது நிமிடத்தில் பூட்டிவிட்டாள். சக்கரம் சுற்றியது. ஏன் சுற்றுகிறது என்று கேட்டேன். "அப்படித்தான் தாத்தா தாள்ல போட்டிருக்கு" என்றாள். அந்தப் பதில் நெஞ்சில் முள்ளாகத் தைத்தது.

அப்போது என் மேசையில் ஒரு சேபர் போர் விமானம் பாதி வேலையில் கிடந்தது. பெட்டியில் வாங்கியது அல்ல. வெறும் பிளாஸ்டிக் தகட்டிலிருந்து நானே வெட்டி உருவாக்குவது.

என் அப்பா பட்டர்வொர்த் விமானத் தளத்தில் ஸ்டோரில் வேலை பார்த்தார். பினாங்குத் தீவிலிருந்து விடிவதற்கு முன் ஃபெர்ரி ஏறினால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். ஆஸ்திரேலிய ஆகாயப் படையின் சேபர்கள் 1958 இறுதியில் அந்தத் தளத்துக்கு வந்தன. 1969 முதல் அவற்றில் சிலவற்றை ஆஸ்திரேலியா மலேசியாவுக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. டத்தோ கெராமாட் சாலையில் எங்கள் வீட்டுத் தகரக் கூரை அதிரும்போதெல்லாம் தெருவுக்கு ஓடி வருவேன்.

கடையில் கிடைக்கும் பெட்டிகளில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க சேபர். நம் தலைக்கு மேல் பறந்தது அது அல்ல. ஆஸ்திரேலியர்கள் அதில் ரோல்ஸ்-ராய்ஸ் ஏவான் எஞ்சினைப் பொருத்தினார்கள். அதற்காக உடலில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை மாற்றி வடிவமைத்தார்கள். ஆறு இயந்திரத் துப்பாக்கிகள் இருந்த இடத்தில் இரண்டு 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் வந்தன. மூக்கில் காற்றுப் புகும் வாயும் பெரிதானது.

48-இல் ஒரு பங்கு அளவில் அது 24 சென்டிமீட்டர் நீளம். வரைபடத்தைப் போட்டோஸ்டாட் கடையில் பெரிதாக்கினால் நீளம், அகலம் இரண்டையும் அளந்து பார்க்க வேண்டும். சில இயந்திரங்கள் ஒரு பக்கமாக இழுத்துவிடும். முதுகெலும்பு போல நெடுக ஒரு தகடு. அதன் குறுக்கே பதினோரு வட்டத் தடுப்புகள். ஒரு மில்லிமீட்டர் தகட்டை முழுதாக அறுக்கத் தேவையில்லை. இரும்பு அளவுகோலை வைத்துக் கத்தியால் இரண்டு முறை கீறி மடக்கினால் 'டக்' என்று நேராக முறியும். தடுப்புகளின்மேல் மெல்லிய பட்டைகளை ஒட்டி, இடைவெளியில் பட்டி பூசி, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். தண்ணீர் போன்ற பசை தகட்டையே இளக்கி ஒன்றாக்கிவிடும். வால் துடுப்புக்கு இரண்டு தகடுகளை ஒட்டியபோது பசையை அதிகமாக விட்டுவிட்டேன். உள்ளே அகப்பட்ட பசை மெல்ல மெல்லத் தின்று, பத்து நாள் கழித்துத் துடுப்பு வாழைமட்டை போல வளைந்து நின்றது. வெட்டி எறிந்துவிட்டு மறுபடியும் செய்தேன். வெள்ளிச் சாயத்தை வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் அடிப்பேன். பினாங்கு மழை ஈரத்தில் அது பால் படர்ந்தாற்போல் வெளுத்துவிடும்.

கொல்லும் இயந்திரத்தை எதற்கு இவ்வளவு அக்கறையாகச் செய்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. 1941 டிசம்பர் 11 அன்று ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன்மீது குண்டு வீசின. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த கூட்டத்தில் என் பாட்டியும் இருந்தார். வந்தது யாருடைய விமானம் என்று யாருக்கும் தெரியவில்லையாம். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன் நான். நம் வானத்தில் எது பறந்தது, எப்படிப் பறந்தது என்று தெரிந்துகொள்வதைப் போர் வெறி என்று சொல்ல என்னால் முடியாது.

ஆசிரியர்களிடமும் பெற்றோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஆண்டில் ஒரு முறையாவது பெட்டியை ஒதுக்கிவையுங்கள். பிள்ளையின் கையில் ஒரு தகடு, ஓர் அளவுகோல், ஒரு பென்சில் கொடுங்கள். தகடு கிடைக்காவிட்டால் பிஸ்கட் பெட்டி அட்டை போதும். கத்தி பிடிக்கும்போது பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். விமானம்தான் என்றில்லை. பழைய இரட்டை அடுக்கு ஃபெர்ரி, பினாங்குக் கொடிமலை ரயில், திரிஷா, எதுவானாலும் சரி. கோணலாக வந்தாலும் அதற்கு மதிப்பெண் கொடுங்கள். பூட்டப்பட்ட பொருள் பிள்ளையிடம் எதையும் கேட்பதில்லை. வெறும் தகடோ முதல் கோட்டிலேயே கேட்டுவிடும்: எத்தனை மில்லிமீட்டர், ஏன் அத்தனை?

போன சனிக்கிழமை பேத்தி என் மேசைக்கு வந்தாள். சேபரைத் தூக்கி மூக்கைத் தன் பக்கம் திருப்பினாள்.

"தாத்தா, இதுக்கு ஏன் வாய் இவ்ளோ பெருசு?"

அமெரிக்க சேபரின் வரைபடத்தையும் நம்முடையதையும் எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் தரையில் விரித்துப் போட்டு, மண்டியிட்டு அளக்க ஆரம்பித்தாள்.