கரும்பு வெட்டுகிறவரின் கூலி

பொருளாதார அறிஞர் ஆர்தர் லூயிஸ் என்றதும், கிராமத்தில் உபரியாக இருப்பவர்களைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோகச் சொன்னவர் என்பார்கள். அது பாதிதான். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டு அவரை விவசாயத்துக்கு ஆகாதவராக்கிவிட்டவர்களும் உண்டு. எனக்கு அதில் மனத்தாங்கல் அதிகம்.

கரீபியன் தீவான செயின்ட் லூசியாவில் 1915இல் பிறந்தவர். ஏழு வயதில் தந்தையை இழந்தார்; ஐந்து பிள்ளைகளையும் தாயார் ஆளாக்கினார். பதினான்கு வயதில் பள்ளியை முடித்துக் குமாஸ்தா வேலைக்குப் போனார். இன்ஜினீயராக ஆசை. ஆனால் கறுப்பரை அந்த வேலையில் வைத்துக்கொள்ளக் காலனி அரசும் தயாராக இல்லை, கரும்புத் தோட்டக்காரர்களும் தயாராக இல்லை. உதவித்தொகையில் லண்டன் போனவர் வணிகவியல் படித்தார். அதுவே அவரைப் பொருளாதாரத்துக்குக் கொண்டுவந்தது.

மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது, 1954இல் அவர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கரும்பு பற்றி ஒரு பகுதி வருகிறது. கரும்பு விளைச்சல் எவ்வளவோ பெருகிவிட்டது. வெட்டுகிறவர் மட்டும் செருப்பில்லாத காலோடு குடிசையில்தான் கிடக்கிறார். ஏன்? அவருடைய கூலியைத் தீர்மானிப்பது கரும்பு அல்ல. தோட்டத்தை விட்டு வெளியேறினால், சொந்தத் துண்டு நிலத்தில் பயிர்செய்து எவ்வளவு சாப்பிட முடியும் என்பதுதான். அங்கே அரைவயிறு என்றால், அதற்குமேல் கொஞ்சம் கொடுத்தாலே ஆள் வந்துவிடும். கூடிய விளைச்சலின் பலன், மலிவாகச் சர்க்கரை வாங்கும் வெளிநாட்டாருக்குப் போய்ச் சேரும்.

அப்படியானால், சிறு விவசாயி நன்றாக இருப்பது தோட்ட முதலாளிக்குப் பிடிக்காது. இதையும் லூயிஸ் ஒளிக்காமல் எழுதினார். ஆப்பிரிக்காவில் ஏகாதிபத்திய அரசுகள் நிலத்தைப் பறித்தும், வரி போட்டும், கட்டாய வேலை வாங்கியும் கிராமங்களை வறுமையில் வைத்திருந்ததற்கு இதுதான் காரணம் என்றார். கோபத்தைக் கணக்காக்கிக் காட்டிய எழுத்து அது.

கோல்டு கோஸ்ட், அதாவது இன்றைய கானா, தொழில்மயமாவது எப்படி என்று அவரிடம் கேட்டபோது, 1953 அறிக்கையில் உணவுப்பயிர் உற்பத்தித் திறனை உயர்த்துவதற்கே முதலிடம் தந்தார். சுதந்திரம் வந்தபின் கானா பிரதமர் நிக்ருமாவின் ஆலோசகராகப் போனவர், பகட்டுத் திட்டங்களில் ஒத்துப்போக முடியாமல் 1958இல் விலகினார். 1979இல் நோபல் பரிசு பெற்றார்.

கல்லூரியில் பொருளாதாரம் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள்: பாடநூலில் உள்ள லூயிஸ் வரைபடத்தோடு நிறுத்தாதீர்கள். அந்த 1954 கட்டுரையைக் கடைசிவரை படியுங்கள். கரும்புத் தொழிலாளி பின்பகுதியில்தான் வருகிறார்.