வெயிலை வெல்ல முடியுமா?

கடலில் ஏறக்குறைய இரண்டரை மைல் நீந்த வேண்டும். கரை ஏறியதும் சைக்கிளில் 112 மைல் போக வேண்டும். சைக்கிளை விட்டு இறங்கியதும் 26 மைல் ஓட வேண்டும். எல்லாம் ஒரே நாளில்!

"இது மனிதர் செய்கிற காரியமா?" என்று கேட்கத் தோன்றுகிறது அல்லவா? செய்கிறார்கள். ஆண்களும் செய்கிறார்கள், பெண்களும் செய்கிறார்கள். 85 வயது முதியவர் ஒருவரும் செய்து முடித்திருக்கிறார்.

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த இந்தப் போட்டிக்கு 'டிரையத்லான்' என்று பெயர். இதன் நீண்ட வகைகளில் புகழ் பெற்றது 'அயர்ன்மேன்', அதாவது இரும்பு மனிதர் பந்தயம். பசிபிக் மாகடலின் நடுவே உள்ள ஹவாய்த் தீவில், கோனா என்னும் கடற்கரை ஊரில் இது நடக்கிறது.

அங்கே போட்டியாளருக்கு எதிரி பக்கத்தில் ஓடுகிறவர் அல்ல. தலைக்கு மேலே காய்கிற சூரியன்தான்! அந்த எதிரியோடு எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதே இன்று நாம் பார்க்க வேண்டிய விஷயம்.

பந்தயம் பிறந்த கதை

அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸ். அவர் மனைவி ஜூடி. இருவரும் ஹவாயைச் சேர்ந்த ஓவாஹு தீவில் வசித்து வந்தார்கள். நீந்துகிறவருக்குத் தேக பலம் அதிகமா, ஓடுகிறவருக்கு அதிகமா, சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அதிகமா என்று நண்பர்களுக்குள் ஒரு வாதம் கிளம்பியது. அந்தத் தீவில் ஏற்கெனவே மூன்று தனித்தனிப் பந்தயங்கள் இருந்தன. மூன்றையும் ஒன்றாக்கினால் வாதம் தீர்ந்துவிடும் என்று முடிவு செய்தார்கள்.

1978 பிப்ரவரி 18-ம் தேதி முதல் பந்தயம் நடந்தது. 15 பேர் கிளம்பினார்கள். 12 பேர் முடித்தார்கள். கார்டன் ஹாலர் என்பவர் 11 மணி 46 நிமிடத்தில் வென்றார்.

ஆனால் ஓட்டத்தில் வெகு தூரம் வரை முன்னால் போனவர் அவர் அல்ல. ஜான் டன்பார் என்ற இன்னொருவர். அந்தக் காலத்தில் அவரவர் குடிக்கத் தண்ணீரை அவரவர் நண்பர்களே வண்டியில் கொண்டு வர வேண்டும். டன்பாரின் வண்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. நண்பர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? கையில் இருந்த பீரைக் கொடுத்துவிட்டார்கள்! அவர் தள்ளாடித் தள்ளாடி ஓடி இரண்டாவதாக வந்து சேர்ந்தார்.

பலம் மட்டும் போதாது, தண்ணீரும் வேண்டும், புத்தியும் வேண்டும் என்பதை அந்தப் பந்தயம் பிறந்த அன்றே காட்டிவிட்டது. 1981-ல் பந்தயம் பெரிய தீவிலுள்ள கோனாவுக்கு மாறியது. அங்கே வெயில் இன்னும் கடுமை.

கடலில் தொடக்கம்

விடிந்ததும் விடியாததுமாக நீச்சல் தொடங்குகிறது. கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். சுமார் 26 டிகிரி. குளிர் நாடுகளில் நீந்துகிறவர்கள் அணிகிற தடித்த ரப்பர் உடையை இங்கே அணிய அனுமதி இல்லை. அணிந்தால் உடம்பு கடலிலேயே சூடாகிவிடும்.

மேலும் கீழுமாக அலை தூக்கிப் போடும். பக்கத்தில் நீந்துகிறவரின் கை முகத்தில் படும். கால் விலாவில் படும். உப்பு நீர் வாய்க்குள் போகும். அதை விழுங்கினால் பிறகு குமட்டல். ஆகவே அனுபவசாலிகள் முதல் நூறு கஜத்தில் முண்டியடிப்பதில்லை. நிதானமாக மூச்சு விட்டு நீந்துகிறார்கள்.

கரும்பாறைச் சாலை

கரை ஏறி சைக்கிளில் உட்கார்ந்தால் எதிரே நீண்ட நெடுஞ்சாலை. இரு பக்கமும் மரம் இல்லை, நிழல் இல்லை. பழைய எரிமலைக் குழம்பு உறைந்து கன்னங்கரேல் என்று கிடக்கிறது. மேலே வெயில் அடிக்கும். கீழே பாறையும் தாரும் அந்தச் சூட்டைத் திருப்பி அடிக்கும்.

ஹாவி என்ற ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். அங்கே பக்கவாட்டில் வீசும் காற்று பேர்போனது. சைக்கிளையே தள்ளிவிடும். கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

அந்தக் காற்று இன்னொரு தந்திரமும் செய்கிறது. வியர்வையை உடனுக்குடன் உலர்த்திவிடுகிறது. போகிறவருக்குத் தாம் வியர்ப்பதே தெரிவதில்லை. "நமக்கு என்ன, நன்றாகத்தானே இருக்கிறோம்!" என்று வேகமாக மிதிக்கிறார். தண்ணீர் குடிக்க மறக்கிறார். அந்தக் கடனை ஓட்டத்தில் வட்டியோடு கட்டுகிறார்.

பிறகு ஓட்டம்

சைக்கிளை விட்டு இறங்கும்போது பலருக்கு நடுப்பகல் தாண்டியிருக்கும். கால்கள் மரக்கட்டை போல் இருக்கும். ஓட்டத்தில் வேகம் குறைவு. ஆகவே உடம்பில் படும் காற்றும் குறைவு. சைக்கிளில் தெரியாத உஷ்ணம் இப்போது தெரிகிறது.

ஊரைத் தாண்டி மேடேறி மறுபடியும் அதே கரும்பாறைச் சாலை. அதிலிருந்து கடலை நோக்கி இறங்குகிறது ஒரு கிளைச் சாலை. அங்கே ஓர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆழ்கடலிலிருந்து குளிர்ந்த நீரைக் குழாய் வழியாக மேலே கொண்டுவருகிறார்கள். குளிர்ந்த நீர் வரும் அந்த இடத்தில்தான் ஓடுகிறவர்களை வெயில் மிகவும் வாட்டுகிறது. என்ன வேடிக்கை!

ஏறக்குறைய ஒவ்வொரு மைலுக்கும் ஒரு பந்தல் உண்டு. தண்ணீர், ஐஸ், நனைத்த பஞ்சு எல்லாம் கிடைக்கும். ஐஸைத் தொப்பிக்குள் போட்டுக்கொள்கிறார்கள், சட்டைக்குள்ளும் போட்டுக்கொள்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஒவ்வொரு பந்தலிலும் நடந்தே போகிறார்கள், குடிக்கிறார்கள், நனைகிறார்கள், பிறகு ஓடுகிறார்கள். அதனால் சில விநாடிகள்தான் நஷ்டம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நாம் உழைக்கும்போது உண்டாகும் சக்தியில் ஏறக்குறைய கால் பங்குதான் கை கால்களை அசைக்கப் பயன்படுகிறது. மீதி முக்கால் பங்கும் சூடாக மாறுகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற இயற்கை கொடுத்த வழி வியர்வை. ஆனால் வியர்வை வழிந்து சொட்டினால் பயன் இல்லை. தோலின் மேல் உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். கடற்கரைக் காற்றில் ஈரம் அதிகம். ஆகவே வியர்வை எளிதில் உலர்வதில்லை.

இருதயத்தின் நிலையை யோசித்துப் பாருங்கள். தசைகள் "ரத்தம் கொடு" என்கின்றன. தோலும் குளிர்வதற்காக "எனக்குக் கொடு" என்கிறது. இருக்கிற ரத்தமோ வியர்வையால் குறைந்துகொண்டே வருகிறது. கடைசியில் ஏமாறுவது வயிறு. அதற்கு ரத்தம் போதாமல், உண்டது செரிப்பதில்லை. வாந்தி வருகிறது.

இதற்கு முன்னேற்பாடு உண்டு. பத்து முதல் பதினான்கு நாட்கள் வெயிலில் சிறிது சிறிதாகப் பழகினால் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது. அதில் போகும் உப்பு குறைகிறது. ரத்தத்தில் நீரின் அளவு கூடுகிறது. குளிர்ந்த ஊரிலிருந்து நேரே வந்து இறங்கிப் பந்தயத்தில் குதிக்கிறவர் இந்த லாபத்தை இழக்கிறார்.

இன்னொன்று. தண்ணீர் நல்லது என்று குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து! ரத்தத்திலுள்ள உப்பு நீர்த்துப் போகும். மூளை வீங்கும். தலைவலி, குழப்பம், வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். பந்தயம் முடியும்போது உடம்பின் எடை கூடியிருந்தால் குடித்தது அதிகம் என்று அர்த்தம். தாகத்துக்கு ஏற்றபடி குடிக்க வேண்டும். உப்பும் மாவுச் சத்தும் சேர வேண்டும். தமக்கு எவ்வளவு தேவை என்பதைப் பயிற்சி நாட்களிலேயே எடை பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விழுந்தவர்கள்

1982 பிப்ரவரியில் ஜூலி மாஸ் என்ற கல்லூரி மாணவி கோனாவுக்கு வந்தார். வயது 23. உழைக்கும் உடம்பைப் பற்றிய தம் படிப்பு ஆராய்ச்சிக்காகவே வந்தவர் அவர். பெண்களில் அவரே முதலில் ஓடினார். எல்லைக் கோடு கண்ணுக்குத் தெரிகிறது. கால்கள் துவண்டன. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி அவரைக் கடந்து போய் வென்றார். மாஸ் தவழ்ந்தே வந்து கோட்டைத் தொட்டார். 29 விநாடி வித்தியாசம்! அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்த அமெரிக்க ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். பந்தயத்தின் புகழ் உலகெங்கும் பரவியது.

1995-ல் பவுலா நியூபி-பிரேசர் விழுந்தார். அவர் ஏற்கெனவே ஏழு முறை வென்ற வீராங்கனை. பின்னால் வருகிறவர் நெருங்குகிறார் என்றதும், தண்ணீர்ப் பந்தல்களில் நிற்காமல் ஓடினார். முடிவுக்குச் சில நூறு கஜம் இருக்கையில் சுருண்டுவிட்டார். ஆனால் அவர் தவழவில்லை. தரையில் அமர்ந்தார், படுத்தார், தண்ணீரை மேலே ஊற்றிக்கொண்டார். வெகு நேரம் கழித்து எழுந்து, வெறுங்காலோடு நடந்து நான்காவதாக வந்தார். அடுத்த ஆண்டு, 1996-ல், எட்டாவது முறையாக வென்றார்!

2025 அக்டோபரில் கோனாவில் பெண்களுக்கான உலகப் பந்தயம் நடந்தது. முன்னணியில் இருந்த லூசி சார்ல்ஸ்-பார்க்ளே ஓட்டத்தின் நடுவே விலகிக்கொண்டார். அவருக்குப் பின் முதலிடத்துக்கு வந்த டெய்லர் நிப், முடிவுக்குச் சில மைல்களே இருக்கையில் சாலையோரம் உட்கார்ந்துவிட்டார். எழவில்லை. நார்வே நாட்டு சோல்வெய் லோவ்செத் வென்றார். நவீனக் கருவிகள், தேர்ந்த பயிற்சியாளர்கள், விஞ்ஞான உணவு எல்லாம் இருந்தும் சூரியன் தன் பங்கைக் கேட்டு வாங்கிவிட்டது.

எது வீரம்?

தவழ்ந்து வந்தவரைப் பார்த்துக் கை தட்டுகிறோம். அந்த மன உறுதியை யார் மெச்சாமல் இருப்பார்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கை தட்டுகிறவர்கள் ஒருபோதும் அந்த உடம்புக்குள் இருப்பதில்லை. களைப்பு வேறு, வெப்ப நோய் வேறு. களைப்பை மன உறுதியால் தாண்டலாம். மூளை சூடாகிவிட்டால், உறுதி கொள்ள வேண்டிய மனமே தடுமாறிவிடுகிறது. அப்போது "நான் முடிப்பேன்" என்று சொல்வது வீரம் அல்ல, பிதற்றலாகவும் இருக்கலாம்.

ஆகவே சாலையோரம் நிற்கிற குடும்பத்தாருக்குத்தான் பொறுப்பு அதிகம். வெயிலில் மயிர்க்கூச்செறிகிறதா? குளிர் என்கிறாரா? பேச்சு குழறுகிறதா? கோணல்மாணலாக நடக்கிறாரா? உடனே நிறுத்துங்கள், வைத்தியரைக் கூப்பிடுங்கள். "வியர்க்கிறதே, ஆபத்து இல்லை" என்று ஏமாற வேண்டாம். வியர்த்துக்கொண்டிருக்கும்போதே இந்த ஆபத்து வரும்.

முதலில் குளிர வையுங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டி இருந்தால் கழுத்து வரை அமிழ்த்தி, தலையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிற வேண்டும். அரை மணி நேரத்துக்குள் உடம்பைக் குளிர்வித்தால் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. வெளியார் உதவினால் பந்தயத்திலிருந்து நீக்குவார்களே என்று தயங்கலாமா? பந்தயம் அடுத்த ஆண்டும் வரும். உயிர் வராது.

இது கோனாவுக்கு மட்டும் உரிய பாடமா? வயலில், சாலை வேலையில், செங்கல் சூளையில் உழைக்கிறவரின் உடம்பும் அதே உடம்புதான். அவருக்கும் நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், "சற்று உட்கார்" என்று சொல்ல ஆள் வேண்டும்.

முதியவர் சொன்ன பாடம்

தொடக்கத்தில் சொன்ன 85 வயது முதியவரை மறந்துவிடவில்லை. அவர் ஜப்பானைச் சேர்ந்த ஹிரோமு இனாடா. 2015-ல் அவர் கோனாவுக்கு வந்தபோது, 17 மணி நேரக் கெடுவைச் சில விநாடிகளில் தவறவிட்டார். எல்லைக் கோட்டருகே விழுந்து எழுந்ததில் கெடு கடந்துவிட்டது. அவர் மனம் உடையவில்லை. மறுபடியும் வந்தார். 2018-ல், 85-ம் வயதில், 16 மணி 53 நிமிடத்தில் முடித்தார். முதலில் வந்தவர்கள் குளித்து, உண்டு, உறங்கப் போயிருக்கக் கூடிய நேரம் அது. நள்ளிரவு நெருங்கியிருந்தது.

வெயிலை வெல்ல முடியுமா? முடியாது. ஆனால் அதற்கு மரியாதை கொடுத்து, அதன் கூடவே நடந்து, ஊர் போய்ச் சேர முடியும். ஓடத் தெரிந்தவர் பலர். நிற்க வேண்டிய இடத்தில் நிற்கத் தெரிந்தவரே மறுநாளும் ஓடுவார்.